15 ஆண்டுகள் வசித்தும் 10 ஆண்டுகள் நிறைவாகவில்லை என்கிறார்கள்: சுவிஸ் குடியுரிமை விண்ணப்பத்திற்கு உதவி தேவை

கேட்டவர் (2024 ஒக்ரோபர் 14)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பேர்ன் மாநிலத்தில் உள்ள ஒரு சிறிய கெமைண்டேயில் (உள்ளூராட்சிப் பகுதியில்) வசிக்கிறோம். நானும் மனைவியும் 2009 செப்டெம்பரில் இலங்கையிலிருந்து வந்து புகலிடம் கோரினோம். 2012 மார்ச்சில் 'எஃப்' அனுமதியும் (தற்காலிகமாகத் தங்க), 2018 மார்ச்சில் 'பி' அனுமதியும் (வதிவிடம்), 2023 வசந்தத்தில் 'சி' அனுமதியும் (நிரந்தர வதிவிடம்) கிடைத்தன. மகள் 2012 ஏப்ரலில் இங்கேயே பிறந்தாள். இப்போது ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். நான் ஓர் உணவகச் சமையலறையில் முழுநேரமாகவும், மனைவி துப்புரவு வேலையில் அரைநேரமாகவும் பணிபுரிகிறோம். ஆரம்பத்தில் பெற்ற சமூக உதவிப் பணம் 2014 ஜூனுடன் நின்றுவிட்டது.

கடந்த வாரம் குடியுரிமை விண்ணப்பம் பற்றிக் கேட்பதற்காகக் கெமைண்டே அலுவலகத்துக்குச் சென்றிருந்தேன். அங்கிருந்த பெண்மணி எங்கள் அனுமதி அட்டைகளின் பிரதிகளை மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொரு திகதியின் பக்கத்திலும் பென்சிலால் ஓர் எண்ணை எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் 10 ஆண்டுகள் நிறைவாகவில்லை என்றார். முதல் அட்டையின் பக்கத்தில் அவர் பூச்சியம் போட்டதைப் பார்த்தபோது எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. வந்து 15 ஆண்டுகள் கடந்துவிட்டன; ஒருநாள்கூட வேறு நாட்டில் வசித்ததில்லை. அவர் கனிவாகவே பேசினார், ஆனால் வேகமான பேர்ன் பேச்சுவழக்கில் விளக்கியதால் பாதிதான் புரிந்தது.

இதற்கிடையில் வேறொரு சிக்கலும் வந்துவிட்டது. நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தை முழுமையாகப் புதுப்பிக்கப்போவதாகச் சொல்லி, 2025 ஏப்ரல் இறுதிக்குள் வீட்டை விடுமாறு இம்மாதம் 2ஆம் திகதி அறிவித்தல் தந்திருக்கிறார்கள். பக்கத்துக் கெமைண்டேயில் வாடகை குறைவாக ஒரு வீடு பார்த்திருக்கிறோம். அங்கே போனால் விண்ணப்பம் பாதிக்கப்படுமா? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் (ஒக்ரோபர் 15)

வணக்கம் தம்பி. நான் பல ஆண்டுகளாக நம்மவர்களுடன் அலுவலகங்களுக்குச் சென்று மொழிபெயர்த்து வருகிறேன். உங்களுக்கு ஏற்பட்ட இந்தக் குழப்பம் எத்தனையோ குடும்பங்களுக்கு ஏற்பட்டதைப் பார்த்திருக்கிறேன், ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள குடியுரிமைச் சட்டத்தின்படி, விண்ணப்பிப்பவரிடம் 'சி' அனுமதி இருக்க வேண்டும். மொத்தமாக 10 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும். அவற்றில் 3 ஆண்டுகள் விண்ணப்பத்துக்கு முந்தைய 5 ஆண்டுகளுக்குள் அமைய வேண்டும். ஆனால் எல்லா ஆண்டும் ஓராண்டாகக் கணக்கில் வராது. புகலிட விண்ணப்பதாரராக 'என்' அட்டையுடன் இருந்த காலம் அறவே சேராது. 'எஃப்' காலம் பாதியாகத்தான் சேரும். 'பி', 'சி' காலங்கள் முழுமையாகச் சேரும். ஆகவே 2009 முதல் 2012 வரை உங்களுக்குப் பூச்சியம், 'எஃப்' அனுமதியின் 6 ஆண்டுகளுக்கு 3, 2018 மார்ச்சிலிருந்து இன்றுவரை ஆறரை ஆண்டுகளுக்குச் சற்று மேல். இன்னும் ஐந்து மாதங்களே குறைகின்றன. 2025 மார்ச்சில் 10 நிறைவாகும். அந்தப் பெண்மணியின் கூட்டல் சரியானதே. நாம் இந்த மண்ணில் உழைத்துக் கழித்த காலத்தைப் பூச்சியம் என்று எழுதுவது மனத்துக்கு வலிக்கத்தான் செய்யும், அதை நான் மறுக்கவில்லை.

உங்கள் மகளின் நிலை வேறு. 8 வயது முதல் 18 வயது வரையான ஆண்டுகள் இரட்டிப்பாகக் கணக்கிடப்படும். உண்மையான வதிவிடம் குறைந்தது 6 ஆண்டுகள் இருந்தால் போதும். 'பி' அனுமதிக்குப் பிந்தைய காலத்தை மட்டும் எடுத்தாலே அவளுக்கு 11 ஆண்டுகள் வந்துவிட்டன. பெற்றோரின் கையொப்பத்துடன் அவள் தனியாக விண்ணப்பிக்க முடியும். ஆனால் சில மாதங்கள்தானே, மூவரும் ஒன்றாக விண்ணப்பிப்பதே செலவுக்கும் அலைச்சலுக்கும் நல்லது என்பது என் கருத்து.

இந்த மாதங்களை ஜெர்மன் மொழிச் சான்றிதழுக்குப் பயன்படுத்துங்கள். 'பி' கிடைத்து ஐந்து ஆண்டுகளில் 'சி' பெற்றிருப்பதால், அப்போது பேச்சில் பி1, எழுத்தில் ஏ1 காட்டியிருப்பீர்கள் (இவை மொழித்தர நிலைகள்: ஏ1 தொடக்கம், ஏ2 அதற்கு அடுத்தது, பி1 அதற்கும் மேல்). குடியுரிமைக்குப் பேச்சில் பி1, எழுத்தில் ஏ2 வேண்டும். கையில் சான்றிதழ் இருக்கிறது என்ற நம்பிக்கையில் பலர் இந்த எழுத்துப் பகுதியைக் கவனியாமல் விட்டு, விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டு நிற்கிறார்கள். 'ஃபீடே' என்னும் மொழித் தேர்வில் பேச்சுக்கும் எழுத்துக்கும் தனித்தனியாக நிலை குறிப்பிடப்படும். மகள் இங்கேயே 5 ஆண்டுகளுக்கு மேல் கட்டாயக் கல்வி பயின்றிருப்பதால் அவளுக்குத் தேர்வு தேவையில்லை.

சமூக உதவி பற்றி: விண்ணப்பத்துக்கு முந்தைய 3 ஆண்டுகளில் அதைப் பெற்றிருக்கக் கூடாது என்பது நாட்டுச் சட்டம் என்றாலும், 2013 நவம்பர் மக்கள் வாக்கெடுப்புக்குப் பின் பேர்ன் மாநிலம் 10 ஆண்டுகளைப் பார்க்கிறது. உங்களுக்கு அது கடந்த ஜூனிலேயே நிறைவாகிவிட்டது.

பேர்ன் வாசி (ஒக்ரோபர் 15)

மனைவிக்கு எழுத்துத் தேர்வு கடினம் என்றால் கவலைப்படாதீர்கள் அண்ணா. முதலில் நீங்கள் மட்டும் குடியுரிமை எடுத்துவிடுங்கள். நீங்கள் சுவிஸ் குடிமகன் ஆனபின் அக்காவுக்கு, சுவிஸ் குடிமக்களின் துணைவருக்கான இலகு முறையில் கிடைத்துவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர் (ஒக்ரோபர் 16)

பேர்ன் வாசித் தம்பி நல்ல எண்ணத்துடன் எழுதியிருக்கிறார், ஆனால் இதை நம்பிக் காத்திருந்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால் திருத்த வேண்டியிருக்கிறது. திருமணத்துக்குப் பிறகு கணவர் சாதாரண முறையில் குடியுரிமை பெற்றால், அதைக் காட்டி மனைவி இலகு முறையில் விண்ணப்பிக்க முடியாது. அவரும் சாதாரண வழியிலேயே வர வேண்டும். ஆகவே தங்கச்சியை இப்போதே வகுப்பில் சேருங்கள். அரைநேர வேலை செய்பவருக்கு மாலை வகுப்பு சிரமம்தான், இருந்தாலும் கடிதம் ஒன்றை வாசித்துப் பதில் எழுதும் அளவே ஏ2.

வீட்டு விடயம் மிக முக்கியமானது. பேர்ன் மாநிலத்தில், விண்ணப்பிக்கும் நாளில் அதே கெமைண்டேயில் இடைவிடாமல் 2 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முன் பக்கத்துக் கெமைண்டேக்குப் போனால், அது நடந்து போகும் தூரமாக இருந்தாலும், அந்த 2 ஆண்டுகள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். விண்ணப்பித்த பின்பும், உங்கள் ஒருங்கிணைவு பற்றிய பரிசீலனையை முடித்த பிறகு இடம் மாறினால் மட்டுமே பழைய கெமைண்டேயும் மாநிலமும் தொடர்ந்து பொறுப்பேற்கும்.

வாடகை அறிவித்தலுக்கு எதிராக, அது கையில் கிடைத்து 30 நாட்களுக்குள் வாடகைச் சமரச அலுவலகத்தில் முறையிடலாம். வெளியேறுவது குடும்பத்துக்குப் பெரும் இடராக இருந்தால், குடியிருப்பு வீட்டுக்கு அதிகபட்சம் 4 ஆண்டுகள் வரை நீட்டிப்புக் கேட்கச் சட்டம் இடமளிக்கிறது. உங்களுக்கு 2ஆம் திகதி கிடைத்தது என்றால் நாட்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. உடனே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிள்ளையின் பள்ளியை காரணமாக எழுதுங்கள்.

கேட்டவர் (ஒக்ரோபர் 18)

ஐயா, மிக்க நன்றி. முறையீட்டை நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகங்கள். 2021இல் மருத்துவக் காப்புறுதிக் கட்டணம் ஒன்று தவறிக் கடன் அறவீட்டுக்குப் போனது. பிறகு முழுவதும் கட்டிவிட்டேன். அது தடையாகுமா? மேலும், இலங்கைக் குடியுரிமை என்னவாகும்?

மொழிபெயர்ப்பாளர் (ஒக்ரோபர் 18)

கட்டி முடித்த கடன் தடையாகாது என்று நானாக உறுதி சொல்லக் கூடாது; பதிவேட்டில் அது எப்படித் தெரிகிறது என்பதையே அவர்கள் பார்ப்பார்கள். அறவீட்டு அலுவலகத்தில் உங்கள் பதிவின் பிரதியை இன்றே எடுத்து, அந்தத் தொகை செலுத்தப்பட்டதாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் பற்றுச்சீட்டுடன் சென்று திருத்தக் கேளுங்கள். வரிப் பாக்கியும் இருக்கக் கூடாது.

சுவிஸ் 1992 முதல் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. இலங்கைச் சட்டமோ, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றவுடன் தன் குடியுரிமையை நீக்கிவிடும். தக்கவைக்க விரும்பினால் சுவிஸ் குடியுரிமை கிடைப்பதற்கு முன்பே அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். ஊரில் காணி உள்ளவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

ஒருவேளை உங்கள் குடியுரிமை விண்ணப்பத்தை மறுத்தால், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். லூசர்ன் மாநிலத்தின் எம்மென் கெமைண்டே மக்கள் வாக்குப்பெட்டி மூலம் விண்ணப்பங்களை நிராகரித்த வழக்கில் 2003 ஜூலையில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலிருந்து இது உறுதியாக இருக்கிறது.

கேட்டவர் (டிசம்பர் 9)

சமரச அமர்வு கடந்த வாரம் நடந்தது. வீட்டுக்காரரும் விட்டுக்கொடுத்து, 2026 மார்ச் இறுதி வரை இருக்கச் சம்மதித்துக் கையெழுத்திட்டார். அதற்குள் இதே கெமைண்டேயில் ஒரு வீடு தேடுகிறோம். மனைவி செவ்வாயும் வியாழனும் மாலை வகுப்புக்குப் போகிறார். நேற்று மகளின் ஆசிரியருக்குத் தானே ஒரு கடிதம் எழுதி, மகளிடம் ஒரேயொரு சொல்லை மட்டும் கேட்டுவிட்டு உறையில் இட்டார்.