நாய்க்கும் மூட்டுவலி, அம்மாவுக்கும் மூட்டுவலி: அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். எங்கள் லாப்ரடாருக்கு வயது 10. பின்னங்கால் மூட்டுகளில் தேய்மானம் என்று கூறிய கால்நடை மருத்துவர், வலிக்கு மாத்திரை கொடுத்து, எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். அதை நடைக்கு அழைத்துச் செல்லும் அம்மாவுக்கும் முழங்கால் வலி, கூடுதல் எடை. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் தின்பண்டம் சாப்பிடுவதில் இருவருமே கெட்டிக்காரர்கள்!

மாத்திரையை நிறுத்தும் எண்ணமில்லை. அதனுடன் சேர்த்துச் செய்யக்கூடியவற்றைத்தான் தேடுகிறேன். நீருக்குள் நடக்கவைக்கும் பயிற்சி, அக்குபஞ்சர், மீன் எண்ணெய் ஆகியவற்றில் எது உங்கள் நாய்க்குக் கண்கூடாகப் பலன் தந்தது? மீன் எண்ணெயின் அளவை யார் முடிவு செய்தார்கள்? வழுக்கும் தரையில் விரிப்பு போட்டுவிட்டோம். அதுவே எழுந்து நிற்பதை எளிதாக்கியிருக்கிறது.

இருவருக்கும் பொருந்தும் நடை நேரத்தை எப்படி வகுப்பது? ஒரே நீண்ட நடையைவிடச் சிறு சிறு நடைகள் மூட்டுக்கு இதம் என்கிறார்கள். அம்மாவோ பாதியில் திரும்புவதைத் தோல்வியாகவே கருதுகிறார்.

ஒரு வேண்டுகோள்: 'இயற்கையானது, ஒன்றும் செய்யாது' என்று எதையும் பரிந்துரைக்காதீர்கள். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். தேயிலை மர எண்ணெய் தோலில் பட்டாலே நஞ்சாகலாம். மனிதர்களுக்கான வலி மாத்திரையான இபுபுரூஃபனும் வேண்டாம். நீங்கள் செய்துபார்த்ததையும், உங்கள் மருத்துவர் அதற்கு என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதினால் பேருதவியாக இருக்கும்.