தம்பி விளக்கமறியலில. கூட்டாளியோட ஒரே சட்டத்தரணியை வைக்கலாமோ?

சுன்னாகத்து அக்கா எழுதினது:

வணக்கம். என்ர தம்பிக்கு 22 வயது. ஒரு ஹாட்வெயார் கடையில வேலை. போன ஞாயிறு பின்னேரம் சிநேகிதன்ர ஓட்டோவில கே.கே.எஸ். றோட்டால வரேக்க மறிச்சுச் சோதிச்சிருக்கினம். பின் சீற்றுக்குக் கீழ ஒரு சொப்பிங் பைக்குள்ள ஐஸ் போதைப்பொருள் இருந்ததாம், 7 கிராம் 200 மில்லிகிராம். ஓட்டோவும் சிநேகிதன்ர, ஓடினதும் அவன்தான். தம்பி பின்னுக்கு இருந்தவன். "சத்தியமா எனக்குத் தெரியாது அக்கா" எண்டதைத் தவிர அவன் வேற ஒண்டும் சொல்லேல்லை.

அடுத்த நாள் நீதவான் முன்னால கொண்டுவந்து இரண்டு பேரையும் 14 நாள் விளக்கமறியலில போட்டாச்சு. அண்டைக்கு எங்களுக்கு ஆரும் ஆஜராகேல்லை. வீட்டில ஆம்பிளையள் இல்லை, அப்பா செத்து ஆறு வருசம். நான் முன்பள்ளி ரீச்சர்.

இப்ப மூண்டு குழப்பம். சிநேகிதன்ர வீட்டுக்காரர் வந்து, தாங்கள் பிடிச்ச சட்டத்தரணியே தம்பிக்கும் பேசுவார், எங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை எண்டு சொல்லினம். நீதிமன்ற வாசலில ஒருத்தர் ஒன்றரை லட்சம் தந்தால் அடுத்த தவணையிலேயே பிணை எடுத்துத் தருவன் எண்டார். தம்பி சிங்களத்தில எழுதின ஒரு கடதாசியில கையெழுத்தும் வைச்சிருக்கிறான், என்ன எழுதியிருந்ததெண்டு அவனுக்கே தெரியாது.

அம்மா தாலிக்கொடியை லேஞ்சியில சுத்திச் சாமியறையில வைச்சிருக்கிறா, நான் ஓமெண்டால் அடகு வைக்க. தெரிஞ்சவை சொல்லுங்கோ.

பருத்தித்துறையான் எழுதினது:

தங்கச்சி, குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டப்பணத்தோட கெதியா முடிஞ்சுபோகும். என்ர மச்சான்ர மகனுக்குக் கஞ்சா வழக்கு அப்பிடித்தான் முடிஞ்சது. இழுத்தடிச்சால் காசுதான் கரையும்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் எழுதினது:

பிள்ளை, முதலில மேல பருத்தித்துறையான் எழுதினதைக் கேளாதேங்கோ. அவர் நல்ல மனதோடதான் சொல்லுறார். ஆனால் சின்னக் கஞ்சாப் பொட்டலம் வேற, இது வேற. போதைப்பொருள் சட்டத்துக்கு வந்த 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தோட ஐஸும் பெரிய தண்டனைக்குள்ள வந்திட்டுது. 5 கிராமோ அதுக்கு மேலயோ எண்டால் மரணதண்டனை அல்லது ஆயுள் தண்டனை. ஹெரோயினுக்கு 2 கிராமிலயே அந்த நிலை. நீங்கள் எழுதினபடி உங்கட தம்பியின்ர வழக்கில 7 கிராம் 200 மில்லிகிராம் கிடக்கு. இதில சட்டத்தரணி இல்லாமல் ஒரு சொல்லும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

நான் நீதிமன்றப் பதிவகத்தில 27 வருசம் இருந்தனான். சட்டத்தரணி இல்லை. கண்டதைச் சொல்லுறன், முடிவைச் சட்டத்தரணியோட இருந்து எடுங்கோ.

சிநேகிதன்ர சட்டத்தரணி வேண்டாம். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேணும். அவர் கெட்டவர் எண்டு நான் சொல்லேல்லை. தம்பிக்குள்ள முக்கியமான எதிர்வாதமே "ஓட்டோ என்ரையில்லை, சீற்றுக்குக் கீழ இருந்தது எனக்குத் தெரியாது" எண்டதுதான். உடைமை எண்டு நிரூபிக்கிறதுக்குப் பொருள் அவன்ர கட்டுப்பாட்டில இருந்ததையும், அது அவனுக்குத் தெரியும் எண்டதையும் வழக்குத்தொடுநர் காட்ட வேணும். அந்த வாதத்தை ஒருத்தர் தம்பிக்காக எழும்பிச் சொன்னால் அது நேரா மற்றவன்ர தலையில போய் விழும். இரண்டு பேருக்கும் ஒரே ஆள் பேசினால் எந்த வாயால சொல்லுவார்? காசு குடுக்கிற பக்கத்தை விட்டிட்டுப் பேசுவாரோ? ஒரே மேசையில இரண்டு எதிரியும் (குற்றஞ்சாட்டப்பட்டவை) இருந்து, பின்னுக்கு இருந்தவன் பேசாமல் போன வழக்குகளை நான் பார்த்திருக்கிறன். அதை நினைச்சால் இண்டைக்கும் மனம் கனக்கும்.

காசு இல்லையெண்டு தயங்காதேங்கோ. சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில அலுவலகம் இருக்கு, வருமானம் குறைஞ்சவைக்கு இலவசமா ஆஜராவினம். அடையாள அட்டை, கிராம அலுவலரிட்ட எடுத்த வருமானச் சான்று, வழக்கு இலக்கம் கொண்டு போங்கோ. வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போகேக்க எதிரிக்கு ஆருமில்லையெண்டால் அங்கயும் அரச செலவில ஒருத்தரை நியமிப்பினம்.

வாசலில நிண்டவருக்கு ஒரு ரூபாயும் குடுக்காதேங்கோ. பி அறிக்கை (பொலிஸ் நீதவானுக்குக் குடுக்கிற வழக்கு அறிக்கை) அதே போதைப்பொருள் சட்டத்தின் 54ஏ பிரிவின் கீழ தாக்கலாகியிருந்தால் நீதவானுக்குப் பிணை குடுக்க அதிகாரமே இல்லை. 83ஆம் பிரிவின்படி மேல் நீதிமன்றம்தான் குடுக்கலாம், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலை இருந்தால் மட்டும். தூய அளவு 10 கிராமோ அதுக்கு மேலயோ எண்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போக வேணும். அப்ப "அடுத்த தவணையிலேயே பிணை" எண்டு அவர் எதை விக்கிறார்? அம்மாவிட்டச் சொல்லித் தாலிக்கொடியைத் திருப்பி உள்ளுக்கு வைக்கச் சொல்லுங்கோ.

தூய அளவு எண்டதைக் கவனிச்சனீங்களோ? 7 கிராம் 200 எண்டது தூளின்ர முழு நிறை. அரச பகுப்பாய்வாளர் அதுக்குள்ள உண்மையான போதைப்பொருள் எவ்வளவு எண்டு பிரிச்சு அறிக்கை தருவார். அந்த எண்ணிக்கையிலதான் தண்டனை நிக்குது. 5 கிராமுக்குக் கீழ வந்தால் வழக்கின்ர முகமே மாறும். அறிக்கை வர மாதக்கணக்காகும், அதுக்குள்ள ஒருத்தரும் உங்களுக்கு உறுதி தர ஏலாது.

பொருள் போன வழியும் முக்கியம். பிடிச்ச இடத்தில ஆர் ஆர் நிண்டவை, எங்க கொண்டுபோய் நிறுத்தவை, எந்தத் தராசு (சில வேளை அடகுக்கடைத் தராசிலயும் நிறுக்கிறவை), தம்பிக்கு முன்னால உறையை ஒட்டி அரக்குச் சீல் வைச்சவையோ, அதில அவன்ர பெருவிரல் அடையாளம் எடுத்தவையோ, பிறகு ஆரிட்டக் குடுத்தவை. பிடிச்ச இடத்திலயிருந்து பகுப்பாய்வாளர்ர மேசை வரைக்கும் உள்ள இந்தப் பயணத்தை நிரூபிக்கிறது முக்கியம் எண்டு 1998இல வந்த மேன்முறையீட்டுத் தீர்ப்பொண்டைச் சட்டத்தரணிமார் இப்பவும் எடுத்துக் காட்டுவினம். தம்பிக்கு ஞாபகம் பச்சையா இருக்கேக்கயே சட்டத்தரணி போய் இதையெல்லாம் கேட்டு எழுத வேணும். பார்வையாளர் பகுதியில பத்துப் பேருக்கு நடுவில நிண்டு நீங்கள் கேளாதேங்கோ.

கையெழுத்துக்குப் பயப்பிடாதேங்கோ. பொலிஸ் உத்தியோகத்தருக்குக் குடுத்த குற்ற ஒப்புதலைச் சாட்சியாகக் கொண்டுவர ஏலாது, சாட்சியக் கட்டளைச் சட்டம் 25ஆம் பிரிவு. அவன் சொன்னதை வைச்சுப் பொருள் ஏதும் கண்டுபிடிச்சிருந்தால் 27ஆம் பிரிவின் கீழ அந்தளவு பகுதி வரும். விளங்காத மொழியில வைச்ச கையெழுத்தெண்டதைச் சட்டத்தரணிக்கு முதல் நாளே சொல்லுங்கோ. அடிச்சவையோ எண்டும் தம்பியைக் கேட்கச் சொல்லுங்கோ. அடிச்சிருந்தால் நீதவானுக்கு அறிவிச்சுச் சட்ட வைத்திய அதிகாரியிட்டக் காட்ட வேணும். அடிப்படை உரிமை மனு உயர் நீதிமன்றத்தில போட ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவில முறையிட்டால், அவை விசாரிக்கிற காலம் அந்தக் கணக்கில சேராது.

குருநகர் அன்ரி எழுதினது:

பிள்ளை, ஐயா சொன்னது எல்லாம் சரி. என்ர மகன் பத்து மாதம் உள்ளுக்கு இருந்தவன். அவன் உண்மையாகவே பாவிச்சவன், அதை நான் ஒளிக்கேல்லை. சட்டத்தரணியிட்ட முதல் நாள் "என்ர பிள்ளை தொடவே மாட்டான்" எண்டு சொன்னன். அவர் பேனையை மூடி வைச்சிட்டு, "அம்மா, உண்மையைச் சொன்னால்தான் எனக்கு வழி தெரியும்" எண்டார். பிறகுதான் எல்லாம் சொன்னன். அவர் அதை வெளியில சொல்ல ஏலாது, அது அவையின்ர தொழில் கடமை. பாவிக்கிற பிள்ளையளைச் சிகிச்சைக்கு அனுப்பிறதுக்கு 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் இருக்கெண்டு அவர்தான் சொன்னவர். உங்கட தம்பி பாவிக்கிறவனோ இல்லையோ, அவனிட்ட ஒருக்காத் தனியக் கேட்கச் சொல்லுங்கோ. கோவிக்காதேங்கோ பிள்ளை, நானும் தாய்.

ஒரு கொப்பி வாங்கி ஒவ்வொரு தவணைத் திகதியும், ஆர் ஆஜரானது, என்ன கட்டளை எண்டதும் எழுதுங்கோ. பத்து மாதத்தில எனக்கு எல்லாம் குழம்பினது. அந்தக் கொப்பிதான் பிணை மனு எழுதேக்க உதவினது.

சுன்னாகத்து அக்கா எழுதினது:

ஐயா, அன்ரி, கை கூப்பி நன்றி. நேற்று லீவு போட்டு சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போனன். ஒரு பெண் சட்டத்தரணி, வயது குறைவு, ஆனால் நான் சொல்லச் சொல்ல இடையில மறிச்சு மறிச்சுக் கேட்டா. நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்திட்ட எழுத்தில கேட்கிற விண்ணப்பம்) போட்டு பி அறிக்கையின்ர உறுதிப்படுத்தின பிரதி எடுப்பம் எண்டவ. வெள்ளிக்கிழமை சிறைச்சாலைக்குத் தானே போய்த் தம்பியைச் சந்திக்கிறாவாம்.

சிநேகிதன்ர வீட்டுக்கு அம்மாவே போய் "எங்கட பிள்ளைக்கு நாங்கள் வேற ஆள் வைக்கிறம்" எண்டு சொல்லிப்போட்டு வந்தவ. அவையளுக்குக் கோவம். போகேக்க தேத்தண்ணி தந்தவை, வரேக்க வாசல் வரைக்கும் ஒருத்தரும் வரேல்லையாம்.

அன்ரி, நீங்கள் கேட்டதை நான் இன்னும் தம்பியிட்டக் கேட்கேல்லை. சட்டத்தரணி கேட்கட்டும். கொப்பி வாங்கியிட்டன், முதல் பக்கத்தில கைது செய்த திகதியும் நேரமும் எழுதியிருக்கிறன்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் எழுதினது:

நல்லது பிள்ளை. உறுதிப்படுத்தின பிரதி கையில வந்ததும் ஓட்டோவின்ர இலக்கமும் பை இருந்த இடமும் எப்பிடி எழுதியிருக்கெண்டு முதல் பாருங்கோ. பின் சீற்றுக்குக் கீழ எண்டு எழுதியிருக்கோ, தம்பியின்ர காலடியில எண்டு எழுதியிருக்கோ. அந்த ஒரு வரியை வெள்ளிக்கிழமைக்கு முதல் சட்டத்தரணிக்குக் காட்டுங்கோ.