"மிகு பகு எண்" வேண்டாமே, "விஞ்சுகாரணி எண்" பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ராமானுஜன் 1915-இல் லண்டனில் வெளியிட்ட நீண்ட கட்டுரையின் எண்களுக்குத்தான் நாம் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும் காரணிகளின் எண்ணிக்கையில் முந்திவிடும் எண்கள் அவை. 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு காரணிகள். அதற்குக் கீழே எதற்கும் ஆறு இல்லை. அடுத்தது 24, பிறகு 36, 48, 60. நாழிகைக் கணக்கில் வரும் அதே 60தான். அரை, கால், மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று என எப்படிப் பங்கிட்டாலும் பின்னம் வராது.

"மிகு பகு எண்" என்ற பரிந்துரை highly composite number என்ற ஆங்கிலச் சொல்லை ஒட்டி வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2-ம் இந்த வகையில் சேரும். அதைப் பகா எண் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, மறுவகுப்பில் மிகு பகு எண் என்றால் பிள்ளைகள் குழம்ப மாட்டார்களா? இன்னொன்று, "மிகு" என்றதும் மிகை எண் (தன்னை விட்டு மற்றக் காரணிகளைக் கூட்டினால் தன்னையே தாண்டிவிடும் எண்) நினைவுக்கு வரும். அங்கே பார்ப்பது காரணிகளின் கூட்டுத்தொகையை; இங்கே அவற்றின் எண்ணிக்கையை.

எந்தச் சொல்லையும் ஒரு பெரிய எண்ணில் வைத்துப் பார்ப்பது நல்லது. நான் எடுத்துக்கொண்டது 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. ராமானுஜனின் பட்டியலில் விடுபட்டுப்போன எண் இது. பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு தடவை, 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை. ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2. மொத்தம் 5040 காரணிகள். அந்த 5040-ம் இதே வகை எண்தான்! 293318625600-ஐ 23-ஆல் பெருக்கினால் 6746328388800 வரும். ராமானுஜன் தன் பட்டியலை முடித்த எண் அது. கையால் போட்டுப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

293318625600-இல் வெவ்வேறு பகாக் காரணிகள் எட்டே எட்டு. பகுப்பு மிகுதி என்று சொன்னால் அந்த எட்டைத்தான் நினைக்கத் தோன்றும். பெருமை 5040-இல் இருக்கிறது. ஆகவே பெயரில் "காரணி" இருக்க வேண்டும், தனக்கு முந்தைய எல்லாவற்றையும் தாண்டிவிட்டது என்பதும் தெரிய வேண்டும். அதற்குத்தான் "விஞ்சு". "மிஞ்சு" போதாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். மிஞ்சுவது என்றால் மீதமாவது என்றும் பொருள் உண்டு. வகுத்தல் கணக்கில் அது மீதியோடு போய் ஒட்டிக்கொள்ளும். விஞ்சுதலில் அந்தச் சிக்கல் இல்லை.

எழுதிப் பார்த்தேன்: "720720 ஒரு விஞ்சுகாரணி எண், அதற்கு 240 காரணிகள்." சரளமாகத்தான் வருகிறது.

அப்புறம், அதே கட்டுரையில் இந்த எண்களுக்குள்ளேயே இன்னும் கடுமையான நிபந்தனையோடு ஓர் உட்பிரிவையும் ராமானுஜன் வகுத்திருக்கிறார். 5040-ம் 720720-ம் அதில் சேரும், 293318625600 சேராது. அதற்கு "மேல்விஞ்சுகாரணி எண்" என்று வைக்கலாமா? "மேல்" கொஞ்சம் பலவீனமாகப் படுகிறது. "தலைவிஞ்சு" என்றும் யோசித்தேன், காதுக்கு ஒட்டவில்லை. உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள்.