ரோடு சைக்கிளுக்கு எந்த டியூப்தான் தாங்குகிறது? பட்டவர்கள் சொல்லுங்கள்

நாகமலைக்காரன்:
மூன்று வாரத்தில் நான்கு பஞ்சர். 700×25 டயர் (25 என்பது அகலம், மி.மீ.), சாதாரண பியூட்டில் டியூப், அதாவது வழக்கமான கறுப்பு ரப்பர். முதல் இரண்டுக்கும் பழியைக் கருவேல முள் மேல் போட்டேன். மூன்றாவதுக்கு வேறு கம்பெனி டியூப் வாங்கினேன். நான்காவது போன ஞாயிறு, கீழக்குயில்குடி பக்கம். ஸ்பேரும் தீர்ந்துவிட்டது, தள்ளிக்கொண்டே ஒரு பஞ்சர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பெரியவர். டியூப்பைத் தண்ணீர்ச் சட்டியில் முக்கிச் சுற்றிக்கொண்டே வந்தவர், குமிழி வந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து நிறுத்தினார். "தம்பி, இது ரோட்டைப் பாத்த பக்கமா, கம்பியைப் பாத்த பக்கமா?"

முழித்தேன். நான்கு டியூப் மாற்றியவன் ஒரு தடவைகூட அதைப் பார்த்ததில்லை. ஓட்டை கம்பிப் பக்கம்தான். ரிம்முக்குள் விரலை விட்டுத் தடவினார். ஸ்போக் ஓட்டைகளை மூடும் டேப் ஒதுங்கி, ஓர் ஓட்டையின் விளிம்பு வெளியே தெரிந்தது. முதல் மூன்று டியூப்பையும் குப்பையில் போட்டாயிற்று. அதிலெல்லாம் ஓட்டை எந்தப் பக்கம் இருந்ததோ, அதுதான் இப்போது மண்டையைக் குடைகிறது.

மேலூர் ரோடு:
டேப் எல்லாம் ஒருவருக்கு நடக்கும். நம்ம ஊரில் முள்தான் அண்ணே. கருவையை வெட்டி டிராக்டரில் ஏற்றிப் போனால் போதும், ரோட்டோரம் பூரா சிதறிக் கிடக்கும். அழகர்கோவில் போகும்போது பஞ்சர். முள்ளைப் பிடுங்கினேன், புது டியூப் போட்டேன், காற்றடித்து ஏறினேன். நூறு மீட்டர்கூடப் போகவில்லை, உஸ்ஸ்ஸ். முனை ஒடிந்து டயருக்குள்ளேயே இருந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை. கைக்குட்டையை உள்ளே விட்டு இழுத்தபோது நூல் மாட்டியது, அப்போதுதான் அகப்பட்டது. அன்றைக்கே முள் தாங்கும் கெட்டி டியூப்புக்கு மாறிவிட்டேன். எட்டு மாதம் ஆகிறது, ஒன்றுமில்லை.

திருநகர் அக்கா:
நான் நேர் எதிர்ப்பக்கம் போய்ப் பட்டவள். 36 கிராம்தான் என்று டிபியு (பிளாஸ்டிக் மாதிரியான) டியூப் வாங்கினேன், ஆரஞ்சுக் கலர், கையில் வைத்தால் சாக்லேட் தாள் மாதிரி. சமதரையில் அருமை. சிறுமலையில் 18 கொண்டை ஊசி வளைவு இறக்கம், என்னுடையது ரிம்மையே அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக். பாதியில் பின்னால் "டப்". சறுக்கி, எப்படியோ ஓரமாக நின்றேன். ரிம்மைத் தொட்டேன், விரல் பொரிந்துவிட்டது. டியூப்பைக் கழற்றினால் வால்வு ஒட்டியிருந்த இடம் இளகிப் பிரிந்து தொங்குகிறது. வீட்டுக்கு வந்து டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன்: டிஸ்க் பிரேக்குக்கு மட்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறான். அறுபது கிராம் மிச்சம் பிடிக்கப் போய்! அதில் ஓட்டை விழுந்தாலும் நம்ம கடை சொலூஷன் ஒட்டாது, அதற்கென்று தனி பேட்ச் வேண்டும்.

கைப்பம்பு:
என் கதை சின்னது. பஞ்சர் கடையில் பிரெஸ்டா வால்வை (ரோடு சைக்கிளில் வரும் ஒல்லி வால்வு) பார்த்த பையன் ஏதோ அடைப்பு என்று நினைத்து இடுக்கியால் ஊசியைத் திருகினான். ஒடிந்தது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, பித்தளை அடாப்டர் கொண்டுபோகாதது நான்.

மேலூர் ரோடு அண்ணே, கெட்டி டியூப்பில் எனக்கு உடன்பாடில்லை. கருவேல முள் ஒரு அங்குலத்துக்கு மேலேயே நீளும். டயரைத் தாண்டி வந்த முள்ளை டியூப் கனமா நிறுத்தும்? நிறுத்த வேண்டியது டயருக்குள் இருக்கும் பட்டை. அந்தக் காசை டயரில் போடுங்கள். கெட்டி டியூப்பின் எடையோ சாதாரண டியூப்பைப் போல இரண்டு மடங்கு. இன்னொன்று, டியூப் வாங்கும்போது அதில் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள். 18-25 என்று போட்டதை 28 டயரில் போட்டால் பலூன் மாதிரி இழுபட்டு மெலியும், சின்னக் குத்துக்கே போய்விடும். இரண்டு ஓட்டை அருகருகே இருந்தால் அது முள்ளே இல்லை. காற்றுக் குறைவாகப் போய்ப் பள்ளத்தில் இறங்கி, ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் டியூப் நசுங்கியது. வாரம் ஒரு தடவையாவது காற்றடியுங்கள். லேட்டக்ஸ் (மெல்லிய இயற்கை ரப்பர்) டியூப் என்றால் தினமும். ராத்திரி விட்டால் காலையில் தொங்கிப்போய் நிற்கும். மாட்டுவதற்கு முன் முகப்பவுடர் தடவுங்கள், டயரோடு ஒட்டாது. டயரில் பெயர் எழுதியிருக்கும் இடத்தை வால்வுக்கு நேராக வைத்து மாட்டிப் பழகுங்கள். டியூப்பில் ஓட்டை எங்கே என்று தெரிந்தால் டயரிலும் அதே இடத்தில் தேடலாம். டயரின் கடைசி மடிப்பை லீவரால் நெம்பாமல் கையால் ஏற்றுங்கள், பாதிப் புது டியூப் அங்கேதான் கிழிகிறது.

மேலூர் ரோடு:
தம்பி, பாடம் நல்லா இருக்கு. நெருஞ்சி முள் எவ்வளவு நீளம்? கெட்டி டியூப் அதைத் தாங்குகிறது. எட்டு மாதம் என்றேனே, அதைப் படிக்கவில்லையா?

கைப்பம்பு:
எட்டு மாதத்தில் எத்தனை கிலோமீட்டர் அண்ணே?

திருநகர் அக்கா:
அவர் மாட்டுத்தாவணி வரைக்கும் போய் டீ குடித்துவிட்டுத் திரும்புகிற ஆள். விடுங்கள்.

நாகமலைக்காரன்:
சண்டைக்கு நடுவில் நான். சாதாரண பியூட்டிலே போதும், 25-32 அளவு, இரண்டு வாங்கியாயிற்று. நேற்று ரிம்மில் துணி டேப் ஒட்டினேன். பழைய டேப்பை முழுக்க விரித்துப் பார்த்தேன், ஒரே ஒரு இடத்தில்தான் கிழிந்திருக்கிறது. நான்கு பஞ்சரும் அந்த ஒரு இடமேதானா? குப்பை வண்டி போய் இரண்டு வாரம் ஆகிறது.