ஒரே முகவரின் கார்டு வருடம் முழுக்க வருகிறது. இவருக்கு எங்கள் தெருவில் என்ன வேலை?

ஸ்டீல்ஸ்வாசி:

வணக்கம். ரொறன்ரோவுக்கு அருகே, மார்க்கம் வீதிக்கும் ஸ்டீல்ஸ் வீதிக்கும் கிட்ட, ஆர்மடேல் பக்கம் எங்கள் வீடு. வாங்கி வந்து கனகாலம். எங்கள் தெருவை ஒரு தமிழ் வீட்டு முகவர் குத்தகைக்கு எடுத்தவர் மாதிரி நடந்துகொள்கிறார். பெயர் வேண்டாம். ஆள் கூடாதவர் என்று சொல்லவும் வரவில்லை.

ஜனவரியில் பஞ்சாங்கக் கலண்டர் வரும். ராகுகாலத்துக்கு மேலே அவருடைய சிரித்த முகம். மார்ச்சில், மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ள மறக்காதீர்கள் என்று ஒரு கார்டு. கனடா தினத்துக்கு முதல்நாள் இரவு யாரோ வந்து புல்லில் சின்னக் கொடி குத்திவிட்டுப் போவார்கள், தடியில் அவருடைய தொலைபேசி இலக்கம். ஒக்டோபரில் வாசலில் ஒரு பூசணிக்காய். அம்மா அதை வெட்டிக் கறி வைத்துவிட்டா. ருசியே இல்லாத காய் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறா. இடையிடையே "உங்கள் தெருவில் விற்றாயிற்று" என்று பளபளக்கும் கார்டுகள்.

இதெல்லாம் பரவாயில்லை. போன கிழமை ஒரு கடிதம் வந்தது. நீல மையில், கையால் எழுதின மாதிரி. என்னுடைய முழுப் பெயர், மனைவியின் முழுப் பெயர், வீட்டு உறுதியில் இருப்பது போலவே. இரண்டு பிள்ளைகளுள்ள ஒரு குடும்பம் எங்கள் தெருவிலேயே வீடு தேடுகிறதாம். நான்கு அறை, நிலவறைக்குத் தனி வாசல் வேண்டுமாம். நல்ல விலை தருவார்களாம். "பாவம், பிள்ளைகளோட தேடுதுகள், ஒருக்கா எடுத்துக் கதை" என்று அம்மா நிற்கிறா.

சின்னவன் படிப்பை முடித்ததும் விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போகும் யோசனை எங்களுக்கு இருப்பது உண்மை. ஆனால் அதை வெளியில் யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் பெயர் இவருக்கு எப்படிக் கிடைத்தது? அந்தக் குடும்பம் உண்மையில் இருக்கிறதா? இவ்வளவு செலவழிக்கிற ஆள் வீட்டையும் நல்ல விலைக்கு விற்றுத் தருவாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மிடில்ஃபீல்ட் அண்ணை:

தம்பி, அந்தக் குடும்பம் எங்கள் தெருவுக்கும் வந்தது. அதே இரண்டு பிள்ளைகள், அதே தனி வாசல். வேறு முகவர். பிள்ளைகள் இதற்குள் கலியாணம் கட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

தபால்பெட்டியில் "விளம்பரம் வேண்டாம்" என்று ஒரு துண்டு ஒட்டுங்கள். முக்கால்வாசி நின்றுவிடும்.

பலகை நடுபவள்:

நான் இதே தொழிலில் இருக்கிறேன். ஏஜாக்ஸ் பக்கம்தான் வேலை, உங்கள் வீட்டுக்கு நான் போட்டிக்கு வரப்போவதில்லை. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

உங்கள் முகவர் செய்வதை நாங்கள் ஃபார்மிங் என்போம். முந்நூறு நானூறு வீடுகளுள்ள ஒரு பகுதியைத் தெரிவுசெய்து, அங்கே வருடக்கணக்காகத் தன் முகத்தைக் காட்டிக்கொண்டே இருப்பது. தெரிவுக்கு ஒரு கணக்கு உண்டு. 400 வீடுகளில் வருடத்துக்கு 20 கைமாறினால் 5 வீதம், செலவழிக்கலாம். நாலைந்து வீடுதான் கைமாறுகிறது என்றால் அச்சுக்கூலியே திரும்பி வராது. அடுத்து, அங்கே ஏற்கெனவே ஒருவர் காலூன்றி இருக்கிறாரா என்று பார்ப்போம். அதன் பிறகுதான் கலண்டரும் கொடியும்.

முதல் வருடம் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். அது தெரிந்தேதான் இறங்குகிறோம். கார்டைப் பார்த்த உடனே யாரும் வீட்டை விற்பதில்லை. வேலை மாறும்போது, பிள்ளைகள் வெளிக்கிடும்போது, பிரிவு வரும்போது விற்கிறார்கள். அந்த நாளில் உங்கள் வாயில் முதலில் வரும் பெயர் எங்களுடையதாக இருக்க வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும். நீங்கள் விற்கும் யோசனையில் இருப்பது அவருக்குத் தெரிந்து எழுதவில்லை. அதே கடிதம் உங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் போயிருக்கும், பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

செலவு ஏன் கட்டுபடியாகிறது என்றால், ஒரு மில்லியன் டொலர் வீட்டை 5 வீதக் கொமிஷனில் விற்றால் 50,000, அதற்கு மேல் 13 வீத எச்எஸ்ரி விற்பனை வரி 6,500. வழக்கமாக அந்த 50,000இல் பாதி வாங்குபவரின் பக்கத்துக்குப் போகும். மீதியில் எங்கள் நிறுவனமும் பங்கு எடுக்கும். அப்படியும் வருடத்தில் ஒரு வீடு கிடைத்தால் பூசணிக்காய்க் காசு வந்துவிடும். போதாததற்கு உங்கள் புல்லில் நடுகிற "விற்பனைக்கு" பலகை அடுத்த வாடிக்கையாளரைப் பிடித்துத் தரும். இந்த 5 வீதம் சட்டமில்லை, வழக்கம் மட்டும்தான். பேசிக் குறைக்கலாம்.

இனி உங்கள் பெயர். பளபளக்கும் கார்டுகள் கனடா போஸ்ட்டின் நெய்பர்ஹூட் மெயிலில் வருபவை. தபால்காரரின் பாதைகளைத் தெரிவுசெய்து கொடுப்போம், பாதையில் உள்ள எல்லா வீட்டிலும் விழும். பெயரும் இராது, விலாசமும் இராது. அண்ணை சொன்ன துண்டு இவற்றைத்தான் நிறுத்தும். பெயர் போட்டு முத்திரையோடு வரும் கடிதத்தை அது நிறுத்தாது. ஒன்ராறியோவில் காணிப் பதிவு எவரும் காசு கட்டிப் பார்க்கக்கூடிய ஆவணம். எங்களுக்கென்று ஜியோவேர்ஹவுஸ் என்ற தளம் இருக்கிறது. விலாசத்தைப் போட்டால் உரிமையாளர் பெயர், எப்போது வாங்கினார், என்ன விலைக்கு வாங்கினார், எல்லாம் வரும். உறுதியில் இருக்கிற மாதிரியே பெயர் வந்தது அதனால்தான். கையெழுத்துக்கும் அச்சுத்தான், பேனையால் எழுதினது போலவே அடித்துத் தருவார்கள். கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், பேனை அழுத்தின தடம் இருக்கிறதா என்று.

அந்தக் குடும்பம் சில நேரம் உண்மையாகவும் இருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி: "அவர்கள் உங்களோடு வாங்குபவர் ஒப்பந்தம் கையெழுத்து வைத்தவர்களா? அப்படியென்றால் இந்தச் சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லுங்கள். உண்மையான ஆள் சனிக்கிழமைக்கு முதலே வந்து நிற்பார். "முதலில் நான் வந்து வீட்டைப் பார்த்து இலவசமாக மதிப்பிட்டுத் தருகிறேனே" என்று பதில் வந்தால் அம்மாவுக்கு விளங்கப்படுத்திவிடலாம்.

குடும்பம் உண்மை என்றாலும் அவசரப்பட வேண்டாம். சந்தைக்கே வராமல் ஒருவருக்கு மட்டும் காட்டி விற்றால் விலைக்குப் போட்டி இல்லை. அதோடு அந்த முகவர் இரண்டு பக்கத்துக்கும் ஆளாக நிற்பார். அதற்கு இரு பகுதியின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். சம்மதித்தபின், எவ்வளவு கேட்கலாம் என்று உங்களுக்கும் சொல்ல மாட்டார், எவ்வளவு கொடுக்கலாம் என்று அவர்களுக்கும் சொல்ல மாட்டார். பிறகு எதற்கு முழுக் கொமிஷன்?

"விற்றாயிற்று" கார்டுகளையும் நிதானமாகப் பாருங்கள். வீட்டை அடையாளம் காட்டி விலையைப் போடுவதென்றால் விற்றவர், வாங்கியவர் இருவருடைய எழுத்துமூலச் சம்மதமும் தேவை. இல்லாவிட்டால் விலை போடக்கூடாது. சில கார்டுகளில் அவர் வாங்குபவரைக் கூட்டிவந்த முகவர் மட்டும்தான், விற்றது வேறொருவர். "கேட்ட விலைக்கு மேல்" என்பதில் மயங்காதீர்கள். 1.15 மில்லியன் போகும் வீட்டுக்கு 999,000 என்று போட்டால் மேலேதான் போகும். ஹவுஸ்சிக்மா செயலியில் உங்கள் தெருவில் விற்ற விலை, பட்டியலிட்ட நிறுவனம், எத்தனை நாள் கிடந்தது எல்லாம் பார்க்கலாம். முன்பு இது எங்களுக்குள் பூட்டி வைத்த தகவல். போட்டிச் சட்ட வழக்கில் ரொறன்ரோ வீட்டு முகவர் சபை தோற்று, 2018இல் உச்ச நீதிமன்றமும் மேன்முறையீட்டை எடுக்க மறுத்த பிறகுதான் திறந்தது. திகதியையும் பாருங்கள். 2022 பெப்ரவரியில் ரொறன்ரோ பெரும்பாகச் சராசரி 1.3 மில்லியனைத் தாண்டி நின்றது, அதன்பின் இறங்கிவிட்டது. அந்தக் காலத்து விலையைக் காட்டி இன்னும் ஆசை ஊட்டுகிறவர்கள் உண்டு.

எங்கள் ஆக்களைப் பற்றி ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டும். தமிழ் முகவர்களில் பலருக்குத் தெருவை விட ஊர்தான் ஃபார்ம். கோயில் திருவிழா மலரின் பின்னட்டை, பழைய மாணவர் சங்க இரவின் பதாகை, கோடைகால ஒன்றுகூடலில் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம். ஊர்க்காரர் பிராம்ப்டனிலும் இருப்பார், ஓஷவாவிலும் இருப்பார், எங்கே விற்றாலும் ஊர் முகவர்தான் வருவார். மாமாவின் கூட்டாளி, எப்படி வேண்டாம் என்று சொல்வது? இப்படிப் போய், அந்தப் பகுதியில் ஒரு வீடும் விற்றிராதவரிடம் வீட்டைக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதோடு ஒப்பிட்டால் உங்கள் கொடி குத்துகிறவர் மேல். குறைந்தபட்சம் தெரு தெரியும்.

சீடர்புறூக் ராசன்:

பலகை அக்கா எழுதியதில் கடைசி வரியை நான் முதல் வரியாகப் போட்டிருப்பேன். நாங்கள் அப்படி ஒரு கார்டுக்காரரிடம்தான் விற்றோம். எங்கள் வீட்டை யார் கட்டியது, அதே அமைப்பில் தெருவில் எத்தனை வீடு, எதில் நிலவறைக்கு மாநகரசபை அனுமதி இருக்கிறது, எதில் இல்லை, எல்லாம் பேப்பர் பார்க்காமலே சொன்னார். மதிப்பிட வந்த இன்னொருவர், உறவுக்காரர்தான், எங்கள் பள்ளிக்கூட எல்லை எதுவென்று என்னிடமே கேட்டார். வாங்க வருகிற தாய் தகப்பன் முதலில் கேட்பதே அதைத்தான்.

கலண்டரும் பூசணிக்காயும் சிரிப்புத்தான். ஆனால் அதே தெருவில் அடுத்த வருடமும் முகம் காட்ட வேண்டிய ஆள் ஏமாற்றுவதற்குக் கொஞ்சம் யோசிப்பார்.

ஸ்டீல்ஸ்வாசி:

எல்லோருக்கும் நன்றி. கடிதத்தின் பின்பக்கம் வழவழவென்று இருக்கிறது. இடப்பக்கத்து வீட்டுக்காரர், சீன ஆக்கள், அதே கடிதத்தை எடுத்துக் காட்டினார். அவர்களுக்கும் அதே இரண்டு பிள்ளைகள்தான், ஆங்கிலத்தில்.

இன்னும் இரண்டு விடயம். கார்டின் அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருப்பவர்களை நோக்கியது அல்ல என்று இருக்கிறதே, அது என்ன? அடுத்தது, அவரைக் கூப்பிட்டு மதிப்பீடு மட்டும் கேட்டால் பிறகு அவரிடமே கொடுக்க வேண்டி வருமா? வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டால் இல்லை என்று சொல்ல என் மனிசிக்கு வராது.

பலகை நடுபவள்:

இன்னொரு முகவரோடு ஒப்பந்தத்தில் இருக்கிறவரை நாங்கள் இழுக்கக்கூடாது, அது ஒழுக்க விதி. ஆனால் தெரு முழுக்கப் போடும் கார்டில் யார் ஒப்பந்தத்தில் இருக்கிறார் என்று தெரியாதே, அதற்காகப் போடுகிற வரி. வீடு விற்காமலே அந்த ஒப்பந்தம் முடிந்தால், அன்று மற்ற முகவர்களிடமிருந்து தொலைபேசி விடாமல் அடிக்கும். உங்கள் இலக்கத்தை இப்போதே தேசிய அழைக்காதோர் பட்டியலில் பதிந்து வையுங்கள். இலவசம், முகவர்களையும் கட்டுப்படுத்தும்.

மதிப்பீட்டுக்குக் கடமை ஒன்றும் இல்லை. கையெழுத்து வைக்காத வரை தேத்தண்ணி தேத்தண்ணிதான். அவரையும் கூப்பிடுங்கள், வேறு இரண்டு பேரையும் கூப்பிடுங்கள், மூவரிடமும் கடந்த ஆறு மாதத்தில் உங்கள் பகுதியில் விற்ற வீடுகளை வைத்துக் கணக்குக் காட்டச் சொல்லுங்கள். விலையை ஆகக் கூட்டிச் சொல்பவரிடம் கவனம். ஒப்பந்தத்தை வாங்குவதற்காக உயர்த்திச் சொல்லி, ஒரு மாதம் கழித்து "சந்தை மந்தம், இறக்குவோம்" என்பார்கள்.

சேவை தொடங்க முன்னம், ஒன்ராறியோ முகவர்களைக் கட்டுப்படுத்தும் ரெக்கோ அமைப்பின் வழிகாட்டியைத் தந்து விளங்கப்படுத்த வேண்டும் என்று 2023 டிசம்பரில் வந்த புதிய சட்டம் சொல்கிறது. தராதவரிடம் கேளுங்கள். அவர் பதிவிலுள்ளவரா என்பதை ரெக்கோ தளத்தில் நீங்களே பார்க்கலாம். ஒப்பந்தத்தில் எத்தனை மாதம் என்று பாருங்கள், ஆறு மாதத்துக்கு மேல் என்றால் தனியாகக் கையொப்பச் சுருக்கம் (இனிஷியல்) கேட்பார்கள், சும்மா வைத்துவிடாதீர்கள். அதைவிட முக்கியம் ஹோல்ட்ஓவர் என்கிற பகுதி. ஒப்பந்தம் முடிந்த பிறகும், அந்தக் காலத்தில் வீடு பார்த்துப் போனவர் குறித்த நாட்களுக்குள் வாங்கினால் பழைய முகவருக்குக் கொமிஷன் கட்ட வேண்டி வரும். நாட்களின் எண்ணிக்கைக்கு வெற்றிடம் விட்டிருக்கும், அதையும் பேசிக் குறைக்கலாம்.

மனிசிக்கு முடியாவிட்டால் மூன்று பேரையும் ஒரே சனிக்கிழமையில் ஒரு மணித்தியால இடைவெளியில் வரச் சொல்லுங்கள். வாசலில் ஒருவரை ஒருவர் கண்டால் நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

மிடில்ஃபீல்ட் அண்ணை:

தம்பி, அம்மாவிடம் சொல்லுங்கள், அந்தப் பூசணி செதுக்கி விளக்கு வைக்கிறதுக்கு. கறிக்கு பட்டர்நட் பூசணி வாங்கச் சொல்லுங்கள்.