புதுப்பிப்பு: லண்டன் வீட்டில் விறகடுப்பு வைத்தாயிற்று

எங்கள் பழைய லண்டன் வீட்டின் மூடிக்கிடந்த கணப்பில் விறகடுப்பு வைக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வைத்தாயிற்று, 5 கிலோவாட் வெப்பம் தருவது. எங்கள் பேட்டை புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி, அதாவது வீட்டுப் புகைபோக்கியில் புகைவிடத் தடை உள்ள இடம். அதனால் விறகெரிக்க விலக்கு பெற்ற மாடல்தான். மீறிப் புகைவிட்டால் 300 பவுண்டு வரை அபராதம். புகைபோக்கிக்குள் எஃகுக் குழாய் இறக்கும்போது ஒரு பழைய காக்கைக்கூடு பொத்தென்று விழுந்தது.

அப்புறம் என் முட்டாள்தனம்: மலிவாகக் கிடைத்ததே என்று பச்சை விறகு வாங்கினேன். உஸ்ஸென்று நுனியில் நுரை தள்ளியது. அடுப்புக் கண்ணாடி ஒரே இரவில் கறுத்துவிட்டது. ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், மீட்டரில் பார்த்தால் 34! இப்போது காய்ந்த விறகுதான். கார்பன் மோனாக்சைடு என்ற மணமில்லாத நச்சு வாயு கசிந்தால் கத்தும் அலாரமும் மாட்டியாச்சு.

அம்மாவுக்குத்தான் புரியவில்லை: "இதுலேருந்து தப்பிக்கத்தானேடா ஊர்ல கேஸ் வாங்கினோம்?"