கலைச்சொல் விவாதம்: கட்டலான் கோதிக்கின் ‘டயாஃப்ரம் ஆர்ச்’

குழுவினருக்கு வணக்கம்.

கட்டடக்கலைச் சொற்பட்டியலில் ‘டயாஃப்ரம் ஆர்ச்’ என்பதற்கு ‘உதரவிதான வளைவு’ என்று போட்டிருக்கிறோம். மருத்துவப் பட்டியலிலிருந்து அப்படியே வந்துவிட்ட சொல் இது. மாற்றியே ஆக வேண்டும். கட்டடத்தில் விதானம் என்றால் மேற்கூரையின் உட்புறம். ஆகவே படிப்பவர் இதைக் கூரையோடு ஒட்டிய அலங்கார வளைவு என்றுதான் எடுத்துக்கொள்வார். உண்மையில் இது கூடத்தின் குறுக்கே ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவருக்குத் தாண்டும் கல் வளைவு. அதன் முதுகின்மேல் கூரைச் சரிவு வரைக்கும் சுவர் எழுப்பியிருப்பார்கள். அந்தச் சுவர்மீதுதான் கூரையின் மரங்கள் உட்காரும்.

ஸ்பெயினின் வடகிழக்கிலுள்ள கட்டலோனியாவில், இடைக்கால ஐரோப்பாவின் கோதிக் பாணிக் கட்டடங்களில், இதற்குச் சான்று நிறைய. பார்சிலோனா அரண்மனையின் தினெல் மண்டபத்தை நான்காம் பெரே அரசருக்காக 1359 முதல் 1370 வரை கியெம் கார்பொனெல் கட்டினார். சுமார் 17 மீட்டர் அகலம், 33 மீட்டர் நீளம். நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. 6 அரைவட்ட வளைவுகள்தான் கூரை முழுவதையும் சுமக்கின்றன. பக்கத்திலேயே உள்ள சாந்தா ஆகதா சிற்றாலயம் 1302இல் தொடங்கியது. அங்கே வளைவுகள் கூர்முனை கொண்டவை, மேலே வண்ணம் தீட்டிய மரக்கூரை. பொப்லெட் மடத்தின் துறவியர் உறங்கும் கூடம் 87 மீட்டர் நீளம்; அதுவும் இதே முறைதான்.

என் பரிந்துரை ‘இடைச்சுவர் வளைவு’. உங்கள் கருத்து?

———

> என் பரிந்துரை ‘இடைச்சுவர் வளைவு’.

ஐயா, ‘உதரவிதான’ போக வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் இடைச்சுவர் என்றால் ஓர் அறையை இரண்டாகப் பிரிக்கிற சுவர் என்றுதான் கொத்தனார்களும் பொறியாளர்களும் புரிந்துகொள்வார்கள். தினெல் மண்டபத்தில் எதுவும் எதையும் பிரிக்கவில்லை. கூடம் ஒரே வெளியாக இருப்பதுதான் அதன் சிறப்பே.

சொல் வேலையைக் காட்டட்டும். இதைக் கட்டுகிற வரிசையைப் பாருங்கள். முதலில் பக்கச் சுவர்களையும் அவற்றின் உதைசுவர்களையும் (வளைவு வெளியே தள்ளுவதைத் தாங்கும் துணைச்சுவர்கள்) வளைவு தொடங்கும் மட்டம்வரை கொண்டுவருவார்கள். பிறகு ஒரே ஒரு வளைவுக்கு மட்டும் மரத்தில் சென்ட்ரிங், அதாவது கற்களைத் தற்காலிகமாகத் தாங்கும் சட்டகம், நிறுத்துவார்கள். ஆப்பு வடிவக் கற்களை இரண்டு பக்கமும் சமமாக அடுக்கி ஏறி, உச்சிக்கல்லை இறுக்குவார்கள். ஒரு பக்கம் மட்டும் முந்தினால் சென்ட்ரிங் மறுபக்கம் சாயும். உச்சிக்கல் வைத்ததும், உச்சிக்கும் தொடக்கத்துக்கும் நடுவே இருக்கும் ‘தோள்’ பகுதிகளில் சுவரை ஏற்றுவார்கள். சென்ட்ரிங்கின் அடியிலுள்ள ஆப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தித்தான் இறக்க வேண்டும். சுண்ணாம்புச் சாந்து மெதுவாகத்தான் இறுகும். அதே சென்ட்ரிங் அடுத்த வளைவுக்கு நகரும்.

சிக்கனம் இங்கேதான். முழுக் கல் கவிகைக்கு (வளைந்த கல் கூரைக்கு) வேண்டிய சாரமும் கல்லும் இதற்குத் தேவையில்லை. மரமும் நீளமாக வேண்டாம். 17 மீட்டருக்கு உத்திரம் தேடுவதற்குப் பதில், வளைவுக்கு வளைவு 5 மீட்டருக்கு உட்பட்ட மரம் போதும். 1401இல் அடிக்கல் நாட்டிய பார்சிலோனாவின் சாந்தா கிரேயு மருத்துவமனை நீள நீளமான கூடங்களுக்கு இந்த முறையை எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. (கட்டடக்கலைஞர் அன்டோனி கௌடி 1926இல் இறந்தது அந்த மருத்துவமனையில்தான். இப்போது அங்கே கட்டலோனிய நூலகம் இருக்கிறது.)

ஆகவே ‘சுவரேந்தி வளைவு’.

———

> ஆகவே ‘சுவரேந்தி வளைவு’.

சொல் அழகாக இருக்கிறது. ஆனால் வாசலுக்கு மேலே இருக்கும் சாதாரண வளைவும் சுவரை ஏந்துகிறதே! வேறுபடுத்த உதவாத சொல் கலைச்சொல் ஆகாது.

பட்டியலில் ஏற்கெனவே ‘குறுக்கு வளைவு’ இருக்கிறது. கல் கவிகையில் ஒரு கண்ணத்தையும் (வளைவுக்கு வளைவு உள்ள கூரைப் பகுதி) அடுத்த கண்ணத்தையும் பிரித்துக் குறுக்காக ஓடும் வளைவுக்கு அது. நாம் பேசுகிற உறுப்பு அந்தக் குறுக்கு வளைவேதான். முதுகில் சுவர் ஏறியிருப்பது மட்டுமே கூடுதல். ‘குறுக்குச்சுவர் வளைவு’ என்றால் இரண்டுக்கும் உள்ள உறவும் வேற்றுமையும் சொல்லிலேயே தெரியும்.

அந்தச் சுவர் வெறும் நிரப்பு அல்ல என்பதையும் விளக்கத்தில் எழுதுங்கள். உத்திரத்தின் முனை ஒவ்வொன்றும் ஓர் இடத்தில் மட்டும் அழுத்தும். வெறும் வளைவின் தோளில் அப்படிப் புள்ளியாகச் சுமை இறங்கினால் அந்த இடம் உள்ளே அமுங்கி, எதிர்ப்புறம் பிதுங்கும். மேலுள்ள சுவர் சுமையைப் பரப்பிக் கொடுக்கிறது. அதன் எடையே தோளை அழுத்திப் பிடிக்கிறது.

பழுது வரும் வழிகளும் சுவரோடு சேர்ந்தவைதான். பக்கச் சுவர்கள் சற்றே வெளியே நகர்ந்தாலும் உச்சி தாழும். உச்சியின் அடிப்புறத்தில் மூட்டு விரியும், தோளில் மேற்புறம் விரியும். அரைவட்டம் கூர்முனை வளைவைவிட அதிகமாக வெளியே தள்ளும் என்பதால் தினெல் போன்ற இடங்களில் உதைசுவர் கனமாக இருந்தாக வேண்டும். ஓட்டுக் கூரையில் ஒழுக்கு விழுந்தால் முதலில் கெடுவது சுவருக்குள் செருகிய உத்திரமுனை. வெளியே பார்க்க மரம் நன்றாக இருக்கும், உள்ளே மாவாகியிருக்கும். தீப்பிடித்தால் ஆபத்து இன்னும் அதிகம். 1936இல் பார்சிலோனாவின் சாந்தா மரியா தெல் மார் தேவாலயம் 11 நாள் எரிந்தும் அதன் கல் கவிகைகள் நின்றன. மரக்கூரைக் கூடத்தில் கூரை போய்விட்டால் வளைவுகள் தனித்தனியாக நிற்கும். அந்த மெல்லிய, உயரமான சுவர்களைப் பக்கவாட்டில் பிடித்துவைத்திருந்தவை அந்த உத்திரங்கள்தானே.

———

‘குறுக்குச்சுவர் வளைவு’ எனக்குச் சம்மதம். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “தினெல் மண்டபத்தின் மரக்கூரையை 6 குறுக்குச்சுவர் வளைவுகள் தாங்குகின்றன.” தட்டாமல் ஓடுகிறது. ஒற்று ‘ச்’ கட்டாயம். ‘குறுக்கு’, ‘சுவர்’ என்று பிரித்து எழுத வேண்டாம்.

பட்டியலில் இப்படிப் பதிகிறேன்:

குறுக்குச்சுவர் வளைவு – கூடத்தின் குறுக்கே அமைந்து, தன்மேல் கூரைச் சரிவுவரை எழுப்பிய சுவரின் வழியாகக் கூரை உத்திரங்களைத் தாங்கும் வளைவு. ஒப்பிடுக: குறுக்கு வளைவு. பழைய வடிவம்: உதரவிதான வளைவு (தவிர்க்க).

அடுத்து ‘உள் உதைசுவர்’ பாக்கி. கட்டலான் கோயில்களில் உதைசுவர்கள் உள்ளே நிற்கும், அவற்றின் நடுவே பக்கச் சிற்றாலயங்கள் வரும், வெளிச்சுவர் சமதளமாகத் தெரியும். அந்தச் சிற்றாலயத்துக்கும் சேர்த்துச் சொல் வேண்டும். தனி இழையில் தொடங்குகிறேன்.